காலடிப்பேட்டை ஜெராக்ஸ் கடை: ஒரு ரூபாய் அதிகம், இருந்தாலும் போகலாம்

சென்னை காலடிப்பேட்டை மெட்ரோவில் இறங்கி மார்க்கெட் பக்கம் நடந்தால் ஒரு சந்துக்குள் இருக்கிறது. போர்டில் ‘ஜெராக்ஸ், லேமினேஷன்’ என்று மட்டும்தான். கடைக்குப் பெயர் கிடையாது. ஒரு பக்கம் 3 ரூபாய். எங்கள் தெருமுனையில் 2 ரூபாய்தான். ஆனால் அங்கே பட்டது போதும்.

தை மாசம் வீடு மாறினோம். ஓனர் ஆதார் கேட்டார். தெருமுனைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினேன். “பாஸ்வேர்டு என்னாக்கா?” என்று பையன் கத்த, நானும் ஏழெட்டுப் பேர் நடுவில் பெயரின் முதல் 4 எழுத்தையும் பிறந்த வருஷத்தையும் ஏலம் விட்டேன். கணக்கு எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை வீட்டுக்கு வந்து திருப்பினால், பின்னால் யாரோ ஒரு அம்மாவின் ஆதார். முகம் பாதி, நம்பர் முழுசு. என்னுடையது யார் வீட்டுக் கணக்குக்குப் போனதோ!

என் ஆதாரை வைத்து யாராவது சிம் வாங்கியிருப்பார்களோ என்று பயந்துபோய், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தேன். மொபைல் நம்பர் போட்டு ஓடிபி கொடுத்தால் நம் பெயரில் ஓடும் சிம்மெல்லாம் காட்டும். எனக்கு மூன்று காட்டியது. மூன்றாவது யாருடையது என்றே தெரியவில்லை. என் நம்பர் இல்லை என்று புகார் கொடுத்துவிட்டேன். அந்தக் கடையால்தான் என்று சொல்ல என்னிடம் சாட்சி இல்லை. அதற்கப்புறம் அங்கே போகவும் மனசில்லை.

இந்தக் காலடிப்பேட்டைக் கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். பாஸ்வேர்டு என்றதும் கீபோர்டை என் பக்கம் திருப்பிவிட்டு ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். “யாருக்கும்மா குடுக்கப் போற?” மகள் ஹாஸ்டலுக்கு என்றேன். “அதுக்கு முழு நம்பர் எதுக்கு? கடைசி 4 நம்பர் மட்டும் தெரியற ஆதார் இருக்குது, அதை எடு.” ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ள வழி காட்டினார். பிரிண்ட் வந்ததும் டவுன்லோடிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழித்து, “நீயே பாத்துக்கோ” என்று ஸ்க்ரீனைத் திருப்பினார். கறுப்பாக விழுந்து வீணான ஒரு காப்பியை நாலாகக் கிழித்து என் கையிலேயே வைத்தார். காப்பி மேல் குறுக்கே ‘ஹாஸ்டல் சேர்க்கைக்கு மட்டும்’ என்று தேதி போட்டு எழுத, நூலில் கட்டிய பேனா ஒன்று தொங்குகிறது.

லேமினேஷன் சுமார்தான், ஓரத்தில் காற்று நிற்கிறது. பேச்சும் அதிகம், பின்னால் நிற்பவர்கள் பல்லைக் கடிக்கிறார்கள். மதியம் ஒன்றரைக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் திறப்பார். காலையிலேயே போய்விடுங்கள்.