பிளாஸ்டிக் எலும்பு ஹாஃப் செட்: வாங்கலாமா?

அக்கா மகளுக்கு எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்ததும், "சித்தி, படிக்க எலும்பு செட் நீங்கதான் வாங்கித் தரணும்" என்று வந்து நின்றாள். இருபது வருஷம் பிசியோதெரபி பிள்ளைகளுக்கு அனாடமி எடுத்தவள், மறுக்க முடியுமா? ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஆன்லைனில் பிளாஸ்டிக் ஹாஃப் செட் (கை கால் எலும்புகள் ஒரு பக்கத்துக்கு மட்டும் இருக்கும்) வரவழைத்தேன்.

பெட்டியைப் பிரித்ததும் செருப்புக் கடை வாசனை. மொட்டை மாடியில் இரண்டு நாள் காய வைத்தோம். எல்லாம் இடப்பக்க எலும்புகள், முழங்கால் சில்லு மட்டும் வலது! வழவழப்பான பக்கம் கீழே இருக்க, கூர்நுனி நமக்கு எதிர்ப்பக்கம் பார்க்க மேஜையில் வைத்தால், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தக் காலுடையது. சொன்னதும் மாற்றி அனுப்பினார்கள், குறை சொல்ல மாட்டேன். தசை ஒட்டும் மேடு பள்ளங்கள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் நீள எலும்புகளில் ரத்தக்குழாய் நுழையும் துளையே இல்லை. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அது எந்தத் திசையில் போகிறது என்று கட்டாயம் கேட்பார்கள்.

1991ல் நான் சீனியரிடம் வாங்கியது நிஜ எலும்பு. தீட்டு என்று அம்மா வீட்டுக்குள் விடவில்லை, மோட்டார் ரூமில்தான் படிப்பு. பிறகு அதைக் கல்லூரித் துறைக்கே கொடுத்துவிட்டேன். போன வாரம் இவளையும் பிளாஸ்டிக் எலும்புகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போய், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

பழைய தொடை எலும்பு 42 செ.மீ. வங்கம், பிகார், ஒடிசா எலும்புகளுக்கு 1924ல் பான் என்ற ஆய்வாளர் சொன்ன பெருக்கு எண் 3.82; எலும்பின் நீளத்தை அதால் பெருக்கினால் ஆளின் உயரம். அப்படியென்றால் ஆள் 160 செ.மீ. பஞ்சாபுக்கு 1944ல் சித்திக்கியும் ஷாவும் சொன்னது 3.6, அதே எலும்புக்கு 151தான் வரும். எந்த ஊர்க்காரர் என்று தெரியாமல் உயரம் சொன்னால் ஒன்பது செ.மீ. தவறலாம் என்பது அவளுக்கு அங்கேதான் உறைத்தது.

மண்டையோட்டைக் கவிழ்த்து, கண்குழியின் கூரையை டார்ச் அடித்துக் காட்டினேன். ஊசியால் குத்தியதுபோல் பொடித் துளைகள். சின்ன வயதில் ரத்தசோகை இருந்திருக்கலாம். கோரைப்பல்லில் குறுக்கே இரண்டு வரிப்பள்ளம்: எனாமல் உருவாகிற வயதில் கடும் காய்ச்சலோ பட்டினியோ வந்து, வளர்ச்சி நின்று மறுபடி தொடங்கிய தடம். பிளாஸ்டிக்கில் கண்குழி வழவழ, பல்வரிசை பற்பசை விளம்பரம்.

எனக்குப் பிடித்தது கணுக்கால். டிபியாவின் (முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு) கீழ்விளிம்பில், முன்பக்கம், விரல் வைத்தால் வழுக்குகிற சின்னப் பள்ளம். குந்தி உட்காரும்போது அந்த விளிம்பு கீழே இருக்கும் டேலஸ் என்ற கணுக்கால் எலும்பின் கழுத்தில் போய் முட்டும். முட்டி முட்டி விழுந்த தடம் அது என்பார்கள். நம் நாட்டு எலும்புகளில் சாதாரணம், இன்றைய ஐரோப்பியர்களிடம் அபூர்வம். பிளாஸ்டிக் டிபியாவில் விளிம்பு நேராகப் போகிறது. யாரைப் பார்த்து அச்செடுத்தார்களோ, அவர் தரையில் குந்தாதவர் போலும்.

அதற்காக நிஜ செட் தேடி அலையச் சொல்லவில்லை. கொல்கத்தாவிலிருந்து கப்பல் கப்பலாக எலும்பு வெளிநாடு போய், 1985ல் அரசு ஏற்றுமதியைத் தடை செய்த கதை தெரிந்தவர்களுக்கு, செகண்ட் ஹாண்ட் செட்டின் பூர்வீகம் கேட்கத் தயக்கமாக இருக்கும். என் செட் யாருடையது என்று நானும் அப்போது கேட்கவில்லை.

முதல் வருஷத்துக்கு பிளாஸ்டிக் தாராளமாகப் போதும். ஐந்துக்கு மூன்றரை. வாங்கியதும் முழங்கால் சில்லைச் சாய்த்துப் பாருங்கள், மண்டையோட்டின் அடித்துளைகளில் குண்டூசி நுழைகிறதா பாருங்கள். எங்களுடையதில் இரண்டு அடைத்திருந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்: "சித்தி, எனக்கு வெஸ்டர்ன் டாய்லெட்தானே, அந்தப் பள்ளம் இருக்காதா?" கருவிலிருக்கும் சிசுக்களிடமே அதைப் பார்த்திருக்கிறார்கள், பழக்கமா பரம்பரையா என்று சண்டை இருக்கிறது என்றேன். அன்று ராத்திரி கூடத்தில் குந்தி உட்கார்ந்துதான் வெங்காயம் உரித்தாள்.