கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரி: புத்திசாலின்னு சொல்றதுல இத்தனை வகையா!

இங்கிலீஷ்ல யாரைப் பாத்தாலும் 'இன்டெலிஜென்ட்'னே எழுதிட்டு இருக்கீங்கன்னா கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரி வெப்சைட்ட ஒரு தடவை ஓபன் பண்ணுங்க, காசு எதுவும் கட்ட வேணாம். அர்த்தம் எல்லா டிக்‌ஷனரிலயும் கிடைக்கும், ஆனா இதுல ஒரு வார்த்தை பாராட்டா, மட்டம் தட்டுறதா, பேச்சு வழக்கா, பிரிட்டன்ல சொல்றதா அமெரிக்காவுல சொல்றதான்னு பக்கத்துலயே லேபிள் போட்டிருக்காங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 'ஸ்மார்ட்'னா அமெரிக்காக்காரனுக்கு மூளைக்காரன், லண்டன்ல பெரும்பாலும் நீட்டா டிரெஸ் பண்ணவன். 'ஸ்வாட்'னு (swot) பிரிட்டிஷ் பசங்க சொல்றது எந்நேரமும் படிச்சிட்டே இருக்கிறவனை, அது பாராட்டு கிடையாது, ரெகமண்டேஷன் லெட்டர்ல போட்டீங்கன்னா அந்தப் பையன் பாவம். 'ஷ்ரூட்'ங்கிறது (shrewd) ஆளையும் நிலவரத்தையும் சட்டுனு எடை போடுற சாமர்த்தியம், வியாபாரிக்கும் அரசியல்வாதிக்கும் கச்சிதமா பொருந்தும்.

நிறைய வார்த்தைகளுக்கு ஏ1-லேருந்து (ஆரம்ப நிலை) சி2 வரைக்கும் (உச்ச நிலை) லெவலும் இருக்கு, ஐஈஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கிறவங்களுக்கு நல்ல யூஸ். பிரிட்டிஷ், அமெரிக்கன் உச்சரிப்பு ரெண்டும் கேக்கலாம். இங்கிலீஷ்-தமிழ் பகுதியும் உண்டு, ஆனா இந்த மாதிரி நுணுக்கம் வேணும்னா இங்கிலீஷ் விளக்கத்தையும் உதாரண வாக்கியத்தையும் படிங்க, கொஞ்சம் டைம் எடுத்தாலும் அதுலதான் மனசுல நிக்கும். பிளஸ் டூ பசங்களுக்கு கண்டிப்பா சொல்லிக் குடுங்க.