34,500 ரூபாய் கொடுத்து தாத்தா பெயரை அழித்திருக்கிறேன்: மலையில் கல்லறை உள்ளவர்கள் அவசியம் படிக்கவும்

நேற்று முன்தினம் கல்லறைத் திருநாள். குன்னூரில் எங்கள் சர்ச்சுப் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் தாத்தா கல்லறையைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறினால் எழுத மாட்டேன், எனக்கே என்னைத் தெரியும்.

தாத்தா அருவங்காடு கார்டைட் பேக்டரியில் வேலை பார்த்தவர். 1961இல் இறந்தார். அப்பாவும் அத்தையும் அப்போது சிறு பிள்ளைகள். பாட்டி நகையை விற்றுத்தான் அந்த வெள்ளைப் பளிங்குப் பலகையை வாங்கி வைத்தாராம். பெயர், தேதி, கீழே "இளைப்பாறுகிறார்" என்று ஒரு சொல். எல்லாம் பழைய எழுத்து. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய கல் அல்லவா, 'ளை' தும்பிக்கை வைத்து நிற்கும், 'றா' காலை மடக்கிக்கொண்டு இருக்கும். சின்ன வயதில் நாங்கள் அதை "யானை எழுத்து" என்போம்.

குன்னூர் ஈரம் தெரியும்தானே. ஐப்பசி, கார்த்திகை மழை மொத்தமும் அங்கேதான் கொட்டும், மற்ற மாதங்களில் மூடுபனி. போதாததற்குப் பக்கத்திலேயே பெரிய கற்பூர மரம், வெயிலே விழாது. பலகை கறுத்து, பாசி பிடித்து, ஓரத்தில் திட்டுத் திட்டாய்ப் படர்ந்திருந்தது. சுற்றுக்கட்டுக் கல் இரண்டைக் காட்டெருமை இடித்துச் சாய்த்துவிட்டது. நாங்கள் எல்லாரும் திருப்பூர், கோவை, சென்னை என்று கீழே இருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு முறை போய்ச் செடியைப் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்துவிட்டு வருவதோடு சரி.

இந்த வருஷம் சரியாகச் செய்துவிடலாம் என்று ஆவணியில் எனக்குத் தோன்றியது. போனில் ஒரு செயலி. பிளம்பர், எலெக்ட்ரீஷியன், பேக்கர்ஸ் மூவர்ஸ் எல்லாம் தேடித் தருவார்களே, அந்த வகை. "கல்லறை பராமரிப்பு, நீலகிரி" என்று போட்டேன். ஒரு நிறுவனம் வந்தது. நான்கரை நட்சத்திரம், பளபளவென்று படங்கள். பெயர் சொல்லப் போவதில்லை, கேட்கவும் வேண்டாம். நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள், அதனால் பெயரை வைத்து நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

நான் ஏமாந்த இடம் எது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். விலை இல்லை. அந்த ஆள் கேட்ட முதல் கேள்விதான். "பிரதர், எழுத்து வெட்டினதா, ஈயம் ஊத்தினதா?" என்றார். கல்லைப் பற்றித் தெரியாதவன் இப்படிக் கேட்பானா? நான் அங்கேயே விழுந்துவிட்டேன். "வெட்டி, கறுப்பு நிரப்பினது" என்றேன். "அப்ப ரொம்ப மெதுவாத்தான் கை வைக்கணும் பிரதர், அவசரப்படக் கூடாது. எங்க அம்மாவும் மலையிலதான் படுத்திருக்காங்க, எனக்குத் தெரியாதா" என்றார். அம்மா என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. நடிப்பு என்று இப்போது சொல்லலாம், அப்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்தது இன்னும் பெரிய கதை. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்குப் பின்னால் ஊட்டியை உருவாக்கிய வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் துரையின் மனைவி, மகள் கல்லறை இருக்கிறதல்லவா, அதைச் சுத்தம் செய்ததே தாங்கள்தான் என்றார். 1830 சர்ச்சு பிரதர், உத்திரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து வந்தது என்று சரித்திரம் வேறு. நான் வாயைப் பிளந்து கேட்டேன். ஊட்டியில் எந்த டாக்சி டிரைவரும் இலவசமாகச் சொல்கிற கதை அது! அதற்கு நான் கொடுத்த மரியாதை 34,500 ரூபாய்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பலகை சுத்தம் 9,500. சுற்றுக்கட்டு எடுத்து வைப்பது 14,000. எழுத்துக்குக் கறுப்பு நிரப்ப 6,000. ஒரு வருஷப் பராமரிப்பு 5,000. முன்பணமாக 15,000 அனுப்பினேன். பத்து நாளில் "மெட்டீரியல்" என்று 12,000. வேலை முடிந்த படம் வந்ததும் மீதி 7,500. இதில் 5,000 அத்தையின் பென்சன் பணம். "என் அப்பாவுக்கு நானும் போடுறேன்டா" என்று பிடிவாதமாகக் கொடுத்தார்.

நடுவில் சாக்குகள். ஆள் ஊருக்குப் போயிருக்கான். அப்புறம் மழை. அப்புறம் குன்னூர் ஏறும் வழியில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது என்றார்கள். அன்றைக்கே என் சித்தப்பா மகன் அந்த ரோட்டில் பஸ்ஸில் வந்து இறங்கினான். கேட்டால், "காலையில மூடியிருந்துச்சு பிரதர்." சரி என்று விட்டேன். அங்கேயாவது விழித்திருக்க வேண்டும்.

திருநாளுக்கு ஒரு வாரம் முன்பு படம் வந்தது. பலகை வெள்ளை வெளேர், எழுத்து கறுகறுவென்று. குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டு எல்லாரிடமும் பாராட்டு வாங்கிக்கொண்டேன். இன்னொரு முறை அந்தப் படத்தைப் பாருங்கள் என்று இப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன். கல் நனைந்திருக்கிறது. தண்ணீரை ஊற்றிவிட்டு எடுத்திருக்கிறார்கள். நனைந்த கல்லில் பள்ளம் எல்லாம் இருட்டாகத் தெரியும், அரைகுறை எழுத்துகூடப் படிக்கும்படி இருக்கும்.

நாங்கள் போன அன்று மழை விட்டு இரண்டு மணி நேரம் இருக்கும், கல் காய்ந்திருந்தது. அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் பலகையில் விரல் வைத்து எழுத்தைத் தடவித்தான் தன் அப்பா பெயரைப் படிப்பார். அன்றைக்கும் குனிந்து விரலை வைத்தார். ஒரு முறை, இரண்டு முறை, கல்லின் ஓரம் வரை. "என்னடா இது, அப்பா பேரு கைக்கு வரல" என்றார். விரல் நுனியில் வெள்ளையாகப் பொடி.

நானும் தடவினேன். பாட்டி வைத்த வழவழப்பு இல்லை. சர்க்கரையைத் தொட்டது போல நறநறவென்று, கோலமாவு போல உதிர்கிறது. கறுப்பு நிரப்பவே இல்லை, பழைய கறுப்பும் போய்விட்டது. ஆழமாக வெட்டின கோடுகள் மங்கலாக இருக்கின்றன. புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. "இளைப்பாறுகிறார்" என்றிருந்தது "இளைபபாறுகிறார" என்று நிற்கிறது. மெய்யெழுத்துக்கு வைத்த சின்னக் குழிதானே புள்ளி, மேல் தோல் போனதும் முதலில் போனது அதுதான். தும்பிக்கையும் பாதி இல்லை.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சொன்னபோதுதான் விஷயமே புரிந்தது. இரண்டு பையன்கள் வந்தார்களாம். கையில் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் கேன், கம்பி பிரஷ். "ஊத்துனதும் சோடா மாதிரி நுரை பொங்குச்சு தம்பி. கல்லுக்கு ஆகாதுப்பான்னேன். ஆபீஸ் ஆர்டருன்னானுக. நீங்கதான் சொல்லிவிட்டீங்கன்னு நெனச்சேன்." அவரிடம் என் நம்பர் இல்லை. நானும் ஒரு நாள்கூடக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் ஒரே சரக்கு, கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டால் கல்லே கரைந்து கரியமில வாயுவாகப் பொங்கும், அந்த நுரை அதுதான். அழுக்கு போவதில்லை, அழுக்கோடு சேர்ந்து கல்லின் மேல் தோல் போகிறது. பளிச்சென்று இருப்பது அதனால்தான். அப்புறம் அந்தச் சொரசொரப்பில் தண்ணீர் முன்னைவிட அதிகம் நிற்கும், பாசி முன்னைவிட வேகமாக வரும். இதைப் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் சொன்னாள். அவள் பாடப் புத்தகத்தில் இருக்கிறதாம்.

சுற்றுக்கட்டு கதை தனி. சாய்ந்த கல்லை எடுத்து வைக்கவே இல்லை, சாய்ந்தபடியே சிமெண்ட் பூசி மூடியிருக்கிறார்கள். பழைய கட்டு சுண்ணாம்புக் காரை. அது ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். மேலே சிமெண்டை இறுக்கினால் உள்ளே போன தண்ணீருக்கு வழி இல்லை, கல்லைத்தான் தின்னும். ஊட்டி மாதிரி உறைபனி விழுகிற இடமாக இருந்தால் அந்தத் தண்ணீர் உறைந்து கல்லைப் பிளந்தேவிடும்.

அங்கிருந்தே போன் போட்டேன். முதல் முறை, "பழைய கல்லு பிரதர், இயற்கையான தேய்மானம்." அறுபது வருஷம் தேயாதது ஒரே வாரத்தில் தேய்ந்ததா என்றேன். "மேனேஜரைப் பேசச் சொல்றேன்." மேனேஜர் பேசவில்லை. மாலையில் ஒரு பெண் கூப்பிட்டு, "சார், கல்லுக்கு நாங்க கேரண்டி தரல, சர்வீஸுக்குத்தான்" என்றார். பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். வேண்டுமானால் புது கிரானைட் பலகை போட்டுத் தருகிறார்களாம், தள்ளுபடி விலையில், கம்ப்யூட்டர் எழுத்து, போட்டோவோடு. இரவு பார்த்தால் வாட்ஸாப்பில் அவர்கள் படம் காணோம், ஒற்றை டிக் மட்டும். செயலிக்காரர்களைக் கேட்டால், "நாங்கள் இணைப்பு மட்டும்தான் தருகிறோம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளவும்." எனக்குத் தெரிந்தவர் மூலம் ஊட்டியில் விசாரித்தேன், சல்லிவன் கல்லறைக் கதையைக் கேட்டுச் சிரித்தார்களாம். எங்கள் பங்கு அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிட்டோம் என்று சொல்லியிருந்தார்கள், அதுவும் பொய். யாரும் கேட்கவே இல்லை என்றார் உபதேசியார்.

34,500 ரூபாய். பணம் போனால் சம்பாதிக்கலாம் என்று மனைவி சொல்கிறாள். திருப்பூரில் இப்போது சம்பாதிக்கிற நிலைமை எப்படி என்று அவளுக்கும் தெரியும்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சுருக்கமாக: பளிங்கின் மேல் ஆசிட், பிளீச்சிங், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம், எலுமிச்சை, வினிகர்கூட வேண்டாம். நல்ல தண்ணீரில் ஊற வைத்து, மெத்தென்ற பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள், பாசியை மரக்குச்சியால் சுரண்டுங்கள். உதிர்கிற கல்லைத் தொடவே வேண்டாம். பழைய காரைக்குச் சுண்ணாம்புதான். பங்கு அலுவலகத்தில் நீங்களே பேசுங்கள். வேலை நடக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் அங்கே இருக்கட்டும், படத்தை நம்பிக் காசு அனுப்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைக்கே ஒவ்வொரு பலகையையும் நேராக நின்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். புகாருக்கு 1915 நுகர்வோர் எண். நுகர்வோர் நீதிமன்றத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை என்றார்கள், மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்களிடம் பழைய படம் ஒன்று கிடைத்தது. அப்பா பலகைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார், அவர் தோள் மறைத்த இரண்டு எழுத்து தவிர மற்றதெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தும்பிக்கை 'ளை'யைக் கையால் வெட்டத் தெரிந்த கல்தச்சர் நீலகிரியிலோ கோவையிலோ யாராவது இருந்தால் சொல்லுங்கள். அத்தை விரலுக்குத் தட்டுப்படுகிற ஆழம் வேண்டும். முன்பணம் மட்டும் கேட்கக் கூடாது.