எங்க மாடில 3 கிலோவாட் சோலார்: போட்டுக்கொடுத்த கம்பெனி பெருசானப்புறம் எப்படி இருக்கு

சென்னை மடிப்பாக்கத்துல எங்க மொட்டை மாடில 2024 ஆகஸ்ட்ல ஆன்கிரிட் (ஈபி லைனோட சேந்து ஓடற) சோலார் போட்டோம், ஒன்றரை வருஷம் ஓடிருச்சு. போட்ட மாசமே எழுதிருந்தா பேனல் பளபளன்னு இருக்கறத மட்டும்தான் எழுதிருப்பேன், ரெண்டு மழைக்காலம் பாத்தாச்சு, அதனால இப்போ எழுதறேன். கீழ ஒரு குறையும் சொல்லப்போறேன், அதனால கம்பெனி பேர் போடல.

ரெண்டு ஏசி, போர் மோட்டார், கிரைண்டர் எல்லாம் சேந்து கோடைல ரெண்டு மாசத்துக்கு 780 யூனிட் வரும், 500 தாண்டிட்டா ஸ்லாப் எகிறிடும்ல, பில் 4,500 கிட்ட நிக்கும். செலவு ரெண்டு லட்சத்துக்கு கொஞ்சம் கம்மி, அதுல பிஎம் சூர்ய கர் திட்டத்துல 78,000 சப்சிடி அம்மா அக்கவுண்ட்லயே வந்து விழுந்துச்சு. (சப்சிடி வேணும்னா இந்தியாவுலயே செஞ்ச செல் இருக்கற டிசிஆர் பேனல்தான் போடணும், கொட்டேஷன்ல அந்த வார்த்தை இருக்கான்னு பாத்துக்கோங்க.) வெயில் நல்லா அடிக்கற நாள்ல 12, 13 யூனிட் வருது, ஐப்பசி கார்த்திகைல மூடிக்கிட்டா 4 கூட தாண்டாது. போன சித்திரை பில் முந்நூறு ரூபாய்க்குள்ளதான் வந்துச்சு.

மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினேன், ஒருத்தர் 20,000 கம்மியாவே சொன்னார், ஆனா சின்டெக்ஸ் டேங்குக்கு பக்கத்துலயே பேனல வைக்கறேன்னார், மூணு மணிக்கு மேல டேங்க் நிழல் அங்கதான் விழும்னு நாங்க தினம் துணி காயப்போடறவங்க எங்களுக்கே தெரியும், ஒரு பேனல் மேல நிழல் விழுந்தா அந்த வரிசையோட உற்பத்தியே குறையும். கடைசில நாங்க வேலை குடுத்த கம்பெனியோட இன்ஜினியர் ஒருநாள் காலைல வந்து, திரும்ப சாயங்காலமும் வந்து நிழலப் பாத்துட்டுதான் இடம் சொன்னார். எட்டடி உயரத்துக்கு ஸ்ட்ரக்சர் ஏத்திக் குடுத்தாங்க, அம்மா இப்பவும் அந்தப் பக்கம்தான் வடகம் காயவைக்கறாங்க. கரண்ட் போனா சோலாரும் நின்னுரும், லைன்ல வேலை செய்யற ஆளுக்கு ஷாக் அடிக்கக்கூடாதுன்னுதான் இன்வெர்டர (பேனல் கரண்ட்ட வீட்டு கரண்ட்டா மாத்தற பெட்டி) அப்படி பண்ணிருக்காங்கன்னு அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடியே சொன்னாங்க. நிறைய பேர் இத சொல்லாமலே வித்துடறாங்க.

இவங்க சோலார்ல ஆரம்பிச்சவங்க இல்ல. தெக்க கயத்தாறு, முப்பந்தல் பக்கம் பழைய 225, 250 கிலோவாட் காத்தாடிங்களுக்கு (கரண்ட் எடுக்கற காற்றாலை) மெயின்டனன்ஸ் பாத்துட்டு இருந்தவங்க, அப்புறம் சொந்தமா ரெண்டு காத்தாடி வாங்கி, அப்புறம் சோலார் பக்கம் வந்தாங்க. அதுல ஒரு கணக்கு இருக்கு, நம்ம ஊர்ல காத்து வைகாசிலேந்து ஆவணி புரட்டாசி வரைக்கும்தான் பேய் மாதிரி அடிக்கும், வெயில் மாசி பங்குனில உச்சம், ரெண்டையும் வச்சிருந்தா வருஷம் பூரா கையில ஏதாவது ஓடிட்டே இருக்கும்.

அந்த காத்தாடி பழக்கத்த எங்க மாடிலயே பாத்தேன். பேனல் மாட்டின கோவில்பட்டி தம்பி ஒவ்வொரு போல்டையும் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து முறுக்கற ஸ்பேனர்) வச்சு டைட் பண்ணிட்டு, சிவப்பு பெயிண்ட் மார்க்கரால போல்ட் தலைலேந்து கீழ இருக்கற இரும்பு வரைக்கும் ஒரே கோடா இழுத்தாரு. என்னப்பா இதுன்னு கேட்டேன், "போல்ட் கொஞ்சம் லூசானாலும் கோடு விலகிடும் சார், காத்தாடில இப்படித்தான் பாப்போம்"னாரு. 2024 நவம்பர் 30 ஃபெங்கல் புயல் அடிச்சு ரெண்டாம் நாள், நாங்க கூப்பிடவே இல்ல, அவரே வந்து ஏணி போட்டு ஏறி கோடு கோடா பாத்தாரு. ரெண்டு போல்ட்ல கோடு நூலிழை விலகிருந்துச்சு, திரும்ப டைட் பண்ணி பச்சை மார்க்கர்ல புதுக் கோடு போட்டாரு. அம்மா டீ போட்டுக் குடுத்து "தம்பி, தீபாவளிக்கு வீட்டுக்கு போனியாப்பா"ன்னு கேட்டுட்டு இருந்தாங்க. எனக்கு இந்த கம்பெனி மேல மரியாதை வந்த நாள் அதுதான்.

அதுக்கப்புறம் 2025ல கிடுகிடுன்னு வளந்துட்டாங்க. ஸ்பின்னிங் மில்லுங்களுக்கு குரூப் கேப்டிவ்ல கரண்ட் குடுக்கறாங்க (மில்காரங்க சேந்து 26 சதவீதமாவது பங்கு வச்சிருக்கணும், உற்பத்தில 51 சதவீதமாவது அவங்களே எடுத்துக்கணும், அந்த ஏற்பாடு). பழைய காத்தாடிய கழட்டிட்டு அதே இடத்துல பெருசு போடற ரீபவரிங் வேலையும் வந்துருச்சு. தெக்கத்தி ஆளுங்க இப்படி மேல வர்றதப் பாக்க நெஜமாவே சந்தோஷமா இருந்துச்சு.

ஆனா அக்டோபர்ல மழை பெஞ்ச மறுநாள் இன்வெர்டர்ல ஐசொலேஷன் ஃபால்ட்னு (கரண்ட் எங்கயோ தரைக்கு கசியுதுன்னு அர்த்தம்) சிவப்பு லைட். முன்னாடி இன்ஜினியருக்கு வாட்ஸ்அப் பண்ணா போதும், இப்போ ஆப்ல டிக்கெட் போடணுமாம். போட்டேன், "விரைவில் தொடர்பு கொள்வோம்"னு மெசேஜ் வந்துச்சு, அவ்வளவுதான். நாலு தடவ கால் சென்டர், ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள், மொதல்லேந்து கதை சொல்லணும். 11 நாள் சிஸ்டம் ஆஃப். கடைசில வந்தது புதுப் பையன், பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டாரு, ஒரு கனெக்டர் கிளிப் விட்டு தரைல தேங்கின தண்ணில கெடந்துச்சு. புது கனெக்டர் போட்டு ஒயர தூக்கிக் கட்டிட்டாரு, காசு வாங்கல. வேலைல குறையே இல்ல, அந்த 11 நாள்தான் எனக்கு மனசுல நிக்குது. மில்லுக்காரர் ஃபோன் பண்ணா ஒரு மணி நேரத்துல ஆள் போகுது, மூணு கிலோவாட் வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படின்னு அவங்க மேனேஜர்கிட்டயே கேட்டேன். வீட்டு கஸ்டமர்தான் அவங்கள சென்னைல நாலு பேருக்குத் தெரிய வச்சது.

இப்போ மேடவாக்கத்துல என் தம்பி வீட்டுக்கும் அவங்ககிட்டயே கொட்டேஷன் வாங்கிருக்கோம். கம்ப்ளெயின்ட் குடுத்தா 48 மணி நேரத்துல ஆள் வரணும்னு அக்ரிமென்ட்ல எழுதச் சொன்னேன், 72 மணி நேரம்னு எழுதி சீல் வச்சு அனுப்பிருக்காங்க. புயலுக்கு அப்புறம் போல்ட் செக்கிங் ஃப்ரீன்னு தனி வரியும் இருக்கு. தம்பிய கையெழுத்து போடச் சொல்லிட்டேன்.