இரண்டு தாள்களைத் தேடி ஒரு மணி நேரம்

கிழக்கு லண்டனில், தேம்ஸ் நதிக்கு நடந்துபோகும் தொலைவில் இருக்கும் ஒரு எஸ்கேப் ரூமுக்கு (புதிர்களை விடுவித்து, குறித்த நேரத்துக்குள் அறையிலிருந்து வெளியேற வேண்டிய விளையாட்டு)ச் சென்ற சனிக்கிழமை மாலை நண்பர்கள் ஐவர் போயிருந்தோம். கடற்கொள்ளையர் கப்பலின் உட்பகுதியைப் போல அமைக்கப்பட்ட அறை அது. ஆளுக்கு 32 பவுண் கட்டணம். 60 நிமிட ஆட்டம். நான்கு நிமிடம் மீதமிருக்கையில் வெளியே வந்தோம். கட்டணம் அதிகம்தான் என்றாலும், கப்பலை விட்டு வேறெங்கும் வைக்க முடியாத புதிர்களாகவே பெரும்பாலும் யோசித்து வைத்திருப்பதால், இந்த அறையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

கதைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பது கேப்டன் வில்லியம் கிட்டின் வாழ்க்கை. 1698இல் மலபார் கரைக்கு அப்பால் 'குவேடா மெர்ச்சன்ட்' என்ற சரக்குக் கப்பலைப் பிடித்ததற்காகக் கொள்ளையன் எனக் குற்றம் சாட்டப்பட்டு, 1701 மே 23 அன்று இதே லண்டனின் வாப்பிங் கரையில் தூக்கிலிடப்பட்டவர் அவர். தாம் பிடித்த கப்பல்கள் இங்கிலாந்தின் எதிரியான பிரான்சின் அனுமதிச் சீட்டுடன் சென்றவை, ஆகவே போர்க்காலச் சட்டப்படி பிடிக்கத் தக்கவை என்று அவர் வாதாடினார். ஆனால் அதை மெய்ப்பிக்கும் அந்தச் சீட்டுகள் விசாரணையின்போது அவர் கைக்குக் கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அவை லண்டனில் அரசு ஆவணங்களுக்கிடையே கண்டெடுக்கப்பட்டன. இந்த அறையில் நாம் தேட வேண்டியது பொற்காசுகளை அல்ல, அந்த இரண்டு தாள்களை. ஒருவருடைய உயிர் அவற்றைச் சார்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு பூட்டின் முன்னாலும் நாங்கள் நின்ற விதமே மாறிவிட்டது.

புதிர்களில் தலைசிறந்தது கப்பல் மணி. அதன் விடையைச் சொல்ல மாட்டேன். முறையை மட்டும் சொல்கிறேன். பழைய கப்பல்களில் காவல் முறை நான்கு மணி நேரம் கொண்டது. அரை மணி நேரத்துக்கு ஒரு மணியடி கூடி, எட்டாவது அடியோடு காவல் மாறும். அடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அடிப்பார்கள். விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கும் காவலில் ஐந்து அடி கேட்டால் ஆறரை மணி என்று பொருள். சுவருக்குப் பின்னாலிருந்து அந்த ஓசை வந்தபோது எங்களில் நால்வர் அடிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக் குழம்பிக்கொண்டிருந்தோம். மிருதங்கம் வாசிக்கும் நண்பர் மட்டும் கண்ணை மூடித் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இரண்டிரண்டாகப் போகிறது, கடைசியில் ஒன்று தனியாக நிற்கிறது" என்றார். கப்பலோட்டியின் நாட்குறிப்பை அதன்பிறகுதான் எங்களால் படிக்க முடிந்தது. கயிற்றையும் கப்பியையும் கொண்டு சரக்குப் பெட்டியைத் தூக்கும் புதிரும் நன்று. ஐவரும் ஒரே நேரத்தில் இழுத்தாலொழிய அது அசையாது.

குறைகளும் உண்டு. எழுத்துக்கு ஒரு கொடி என்ற சமிக்ஞைப் புதிரில் காட்டப்படும் கொடிகள், கப்பல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் பன்னாட்டுச் சமிக்ஞைத் தொகுதியைச் சேர்ந்தவை. அது 1857இல் வெளியானது. வரலாற்றை இவ்வளவு அக்கறையோடு எடுத்தாண்டவர்கள், கிட் இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்த கொடிகளை அவருடைய கப்பலில் ஏற்றியது எனக்கு வருத்தமாக இருந்தது. வரைபட மேசைக்கு மேலிருக்கும் விளக்கு மிகவும் மங்கல். சிறிய எழுத்தைப் படிக்க மூவர் தலை முட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. நாங்கள் கேட்காமலேயே திரையில் ஒரு குறிப்பும் வந்தது. கண்டுபிடிக்கும் தறுவாயில் இருந்தவரிடமிருந்து அந்த மகிழ்ச்சியை அது பறித்துவிட்டது. தொடங்குமுன்பே பணியாளரிடம், கேட்டால் மட்டும் குறிப்புக் கொடுங்கள் என்று சொல்லிவிடுவது நல்லது.

நால்வர் அல்லது ஐவராகப் போங்கள்; இருவர் மட்டும் போனால் கயிற்றுப் புதிர் பெரும் பாடாகிவிடும். இறுதிப் பெட்டகத்தில் கிடைக்கும் சீட்டுகள், மடிப்பும் மைக்கறையும்கூடத் தெரியும்படி அழகாகச் செய்யப்பட்டவை. அடுத்த குழுவுக்காக அவற்றை அங்கேயே திரும்ப வைத்துவிட வேண்டும் என்றார்கள். நகல் ஒன்றை விலைக்குத் தந்திருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கி வந்திருப்பேன்.