ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டும் மின் நிறுவனத்தின் ரிபேட்டும்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

அமெரிக்காவில் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் (வீட்டின் ஹீட்டரையும் ஏசியையும் கட்டுப்படுத்தும், இணையத்தோடு இணைந்த சுவர்க் கருவி) வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன்பே மின் நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுவது நல்லது. பல ஊர்களில் 50 முதல் 100 டாலர் வரை ரிபேட் தருகிறார்கள், அதாவது விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறார்கள். ஆனால் எல்லா மாடலுக்கும் கிடையாது. நிறுவனத்தின் பட்டியலில் மாடல் எண்ணோடு இடம்பெற்றிருக்க வேண்டும். பெரும்பாலும் அவை 'எனர்ஜி ஸ்டார்' என்ற அமெரிக்க அரசின் மின்சிக்கனச் சான்று பெற்றவை. எரிவாயு தனி நிறுவனத்திலிருந்து வருகிறது என்றால் அவர்கள் பக்கமும் கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் இருவருமே தருவார்கள், சில இடங்களில் ஒருவரிடம் வாங்கினால் மற்றவர் தரமாட்டார்.

பட்டியலைப் பார்த்தபின் சுவரைப் பாருங்கள். பிரேக்கரை அணைத்துவிட்டுப் பழைய தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றினால் மெல்லிய வண்ணக் கம்பிகள் தெரியும். அவை 24 வோல்ட் கம்பிகள். 'சி' என்று குறித்த இடத்தில் ஒரு கம்பி மாட்டியிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வைஃபையும் திரையும் ஓயாமல் மின்சாரம் கேட்கும், அதைத் தருவது அந்தக் கம்பிதான். எங்கள் வீட்டில் அது இல்லை. பழைய வீடுகளில் சில நேரம் உபரிக் கம்பி ஒன்று சுவருக்குள் சுருட்டி விடப்பட்டிருக்கும்; அதுவும் இல்லை. இகோபீ என்ற நிறுவனத்தின் தெர்மோஸ்டாட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணமே, 'சி' கம்பி இல்லாத குறையைத் தீர்க்க ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் உலை) பக்கம் பொருத்தும் சிறு அடாப்டரைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்ததுதான். கம்பிகள் தடிமனாக இருந்து, உங்கள் ஹீட்டர் 240 வோல்ட்டில் நேரடியாக ஓடும், சுவரின் அடியில் பொருத்தும் பேஸ்போர்டு வகை என்றால் இந்தக் கருவிகள் எதுவும் ஆகாது. அதற்கென்று தனி வகை இருக்கிறது.

ரிபேட்டை வாங்க இரண்டு வழி. நிறுவனமே நடத்தும் இணையக் கடையில் வாங்கினால் விலையிலேயே கழித்துவிடுவார்கள். வெளியே வாங்கினால் ரசீது, வரிசை எண், மின் கணக்கு எண் எல்லாவற்றையும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். நான் இரண்டாவது வழியில் போனேன். கணக்கு மனைவியின் பெயரில், ரசீது என் பெயரில் என்பதற்காக ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். ஒரே முகவரி, ஒரே குடும்பம் என்று விளக்கிய பிறகு ப்ரீபெய்ட் அட்டை வந்து சேர்ந்தது. காலாவதித் தேதி அச்சிட்ட அட்டை என்பதால் முதல் வேலையாக மளிகைக்குச் செலவழித்தோம்.

எவ்வளவு மிச்சம் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. சூடாக்கவும் குளிரூட்டவும் ஆகும் செலவில் சராசரியாக 8 சதவீதம், ஆண்டுக்கு 50 டாலர் அளவில் என்பது எனர்ஜி ஸ்டாரின் கணக்கு. விளம்பரங்கள் இதைவிடத் தாராளமானவை. வெளியே கிளம்பும்போதும் படுக்கப் போகும்போதும் தவறாமல் கையால் குறைத்துவைக்கும் கறார் மனிதர் ஒருவர் வீட்டில் இருந்தால், கருவி மிச்சம் பிடிக்க அங்கே அதிகம் இருக்காது. எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை, அதனால் பில்லில் வித்தியாசம் தெரிந்தது. எந்த மாதத்தில் எவ்வளவு கருவியால், எவ்வளவு வானிலையால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

உண்மையில் பயன்பட்டது தனி அறைகளில் வைக்கும் சென்சார். எங்கள் தெர்மோஸ்டாட் கீழ்த்தளக் கூடத்தில் இருக்கிறது. நாங்கள் தூங்குவது மாடியில். முன்பு கூடம் குளிர்ந்ததும் ஏசி நின்றுவிடும், மாடி வெந்துகொண்டிருக்கும். இப்போது இரவில் படுக்கையறைச் சென்சாரை மட்டும் கேட்டு நடக்கும்படி வைத்திருக்கிறோம். கூடம் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடுகிறது என்பது இதன் விலை. ஒரே குழாய் வழியாக முழு வீட்டுக்கும் காற்று போகும் அமைப்பில் வேறு வழியில்லை. ஆள் நடமாட்டத்தைப் பார்த்துத் தானே மாறும் வசதியை அணைத்துவிட்டேன். அசையாமல் உட்கார்ந்து படிப்பவரை அது ஆளாகவே மதிக்கவில்லை.

ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் கருவி) உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குளிர்கால இரவில் பத்து ஃபாரன்ஹீட் டிகிரி குறைத்துவிட்டுக் காலையில் சட்டென்று ஏற்றினால், துணை ஹீட்டரின் மின்கம்பிச் சுருள்கள் ஓடத் தொடங்கும். ஹீட் பம்ப் ஒரு யூனிட்டில் தரும் வெப்பத்துக்கு அவை இரண்டு மூன்று யூனிட் எடுக்கும். இரவில் மிச்சமானது காலையில் போய்விடும். துணை ஹீட்டர் எப்போது ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் அமைப்பு இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இன்னொரு ரிபேட்டும் உண்டு. அதைத்தான் யோசித்து வாங்க வேண்டும். கோடைப் பிற்பகலில் மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது உங்கள் ஏசியின் வெப்பநிலை அளவைச் சில டிகிரி ஏற்றிவைக்க நிறுவனத்துக்கு அனுமதி தரும் திட்டம் அது. சேர்ந்தவுடன் ஒரு தொகை, பிறகு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை. வேண்டாம் என்றால் திரையைத் தொட்டு விலகிக்கொள்ளலாம் என்பதே பொது விதி. ஆனால் 2022 ஆகஸ்ட் இறுதியில் கொலராடோவில் கடும் வெயிலின்போது, இப்படிச் சேர்ந்திருந்த சுமார் 22,000 வாடிக்கையாளர்கள் சில மணிநேரம் தங்கள் தெர்மோஸ்டாட்டையே மாற்ற முடியாமல் தவித்தார்கள். அவசரநிலை என்ற விதிவிலக்கு ஒப்பந்தத்திலேயே இருந்தது. நாங்கள் சேர்ந்திருக்கிறோம். முன்கூட்டியே வீட்டைக் குளிர்வித்துவிடுவதால் பல நாட்களில் வித்தியாசம் தெரிவதில்லை. கைக்குழந்தையோ முதியவரோ நோயாளியோ இருக்கும் வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் தொகை அவ்வளவு பெரியதல்ல.

கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது சுவரில் உள்ள பெட்டி மட்டுமல்ல. 2011, 2012-இல் வந்த முதல் இரு தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளுக்கான ஆதரவை கூகுள் 2025 அக்டோபரில் நிறுத்தியது. சுவரில் நின்று கையால் திருப்பினால் அவை இன்றும் வேலை செய்யும், செல்பேசியிலிருந்து முடியாது. அதனால் ரிபேட் போக மிஞ்சும் விலையைப் பத்து ஆண்டுகளால் வகுத்துப் பார்த்து வாங்குங்கள். விலை உயர்ந்த மாடலுக்கு நான் போகாததற்கு அந்தக் கணக்கே காரணம். வீடு மாறினால் உச்சநேரத் திட்டத்திலிருந்து முதலில் விலகிவிட்டு, பிறகு கருவியைக் கழற்றுங்கள்.