பைத்தானுடன் பதினோரு ஆண்டுகள்

2014-இல் வேலைக்குச் சேர்ந்தபோது உடன் படித்தவர்கள் எல்லாரும் வலைச்செயலிகள் எழுதப் பயன்படும் ஆங்குலர்ஜேஎஸ் பக்கம் ஓடினார்கள். என் அலுவலகத்திலோ பழைய நிரல்கள் பைத்தான் என்ற நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பில் (பைத்தான் 2) இருந்தன. ஆசைக்கு அதையும் பிழைப்புக்கு இதையும் கற்றேன்.

ஆசைக்குக் கற்றது நிலைக்கவில்லை. 2016-இல் வந்த அடுத்த ஆங்குலருக்குப் பெயர் மட்டும்தான் பழையது, எழுதும் முறையே வேறு. நான் அங்கேயே இறங்கிக்கொண்டேன்.

பைத்தானும் படுத்தாமல் இல்லை. மூன்றாம் பதிப்பு வந்தது 2008-இல். இரண்டாம் பதிப்புக்கு ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிகிறது என்றதும் 2019-இல் அரக்கப்பரக்க மாறினேன். திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி போடுவதெல்லாம் சின்ன வேலை. வகுத்தல்தான் காலை வாரியது. பழையதில் 5/2 என்றால் 2, புதியதில் 2.5. பிழைச்செய்தி எதுவும் வராது. பெட்டி நிறையாத உதிரிகளுக்குத் தனி நெடுவரிசை இருந்த சரக்கு அறிக்கையில் 12.5 பெட்டி என்று அச்சாகிவிட்டது. "தம்பி, அரைப் பெட்டியை லாரியில் எப்படி ஏற்றுவது?" என்று கிடங்கிலிருந்து அழைப்பு வந்தது.

இருந்தும் மாறியதற்கு வருந்தவில்லை. காரணம் தமிழ். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 2, கணினி அதைச் சேமிக்கும் பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். பைத்தான் 3, இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 5 என்கிறது. நமக்கு அது மூன்றெழுத்துதான். முகவரி அட்டைக்காகப் பெயர்களை வெட்டும்போது பழையதில் குப்பைக் குறிகள் வந்தன. புதியதில் கண்ணன் புள்ளியை இழந்து 'கண்ணன' ஆனார். தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன்-தமிழ் நிரலகத்தைச் சேர்த்த பிறகே எழுத்துக் கணக்கு சரியானது.

தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டுப் பெறும் மொழியான எஸ்க்யூஎல்லை அரைமனத்துடன்தான் கற்றேன். அது இந்தத் தொல்லை எதையும் தரவில்லை. முதல் ஆண்டில் எழுதிய வினவல்கள் ஓர் எழுத்தும் மாறாமல் இன்றும் ஓடுகின்றன. இதை முன்பே ஆழமாகப் படித்திருக்கலாம்.

பைத்தானில் எனக்கு இன்றும் எரிச்சல் தருவது பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை நிறுவும் வேலை. அதற்கான கருவிகளில் பிப், கோண்டா, பொயட்ரி என்று அலைந்து, இப்போது யூவியில் நிற்கிறேன். வேகமாக இருக்கிறது, இதுவரை குறையில்லை. அது எழுதப்பட்டிருப்பது ரஸ்ட் என்ற இன்னொரு நிரல்மொழியில். அதையும் கற்கலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்து இரண்டு முறையும் எழுந்துவிட்டேன். அலுவலகத்தில் தேவை வரும்வரை தொடுவதாக இல்லை.